மாண்ட்ரியல் ஸ்மோக்ட் மீட் சாண்ட்விச்: லீன் கேட்டதுதான் தப்பா?

புதுக்குடி_கோவை

மாண்ட்ரியலுக்கு வந்து மூணு வாரம் ஆகுது. பக்கத்துத் தெரு டெலியில் (இறைச்சி சாண்ட்விச் கடை) ஸ்மோக்ட் மீட், அதாவது மசாலாவில் ஊறிப் புகைபோட்ட மாட்டுக்கறி, சாண்ட்விச் வாங்கினேன். கொழுப்பு குறைஞ்ச 'லீன்' கேட்டேன். கூடவே சீஸ், லெட்டூஸ், தக்காளி, மயோனைஸ் போடச் சொல்லி, ஃபாயிலில் சுற்றி பார்சல். 25 நிமிஷம் கழிச்சு வீட்டில் பிரிச்சேன்.

கறி வறண்டு நார் நாராக இருந்தது, உப்பும் தூக்கல். கீழ் ரொட்டி ஊறி, கையில் எடுத்ததுமே கிழிஞ்சு போச்சு. கறி உள்ளே ரோஸ் நிறம். சில துண்டுகளில் மயில்கழுத்து மாதிரி பச்சை மினுமினுப்பு வேற. வேகலையா, கெட்டுப்போனதா?

இதுக்கும் நியூயார்க் பக்கம் சொல்ற பாஸ்ட்ராமிக்கும் என்ன வித்தியாசம்? அடுத்த தடவை எப்படிக் கேட்கணும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மொன்றியல்வாசி

கடையில பிழை சொல்ல ஏலாது தம்பி. ஓடர் குடுத்த விதத்திலதான் முக்கால்வாசிப் பிழையும்.

இதுக்குப் போடுற பிரிஸ்கெட் எண்டது மாட்டின்ர முன்னங்கால் ரெண்டுக்கும் நடுவில இருக்கிற நெஞ்சு இறைச்சி. நாள் முழுக்க மாட்டின்ர பாரத்தைத் தாங்குற இடம், அதால இறுகின சவ்வு கனக்க. முழுப் பிரிஸ்கெட்டில ரெண்டு தசை ஒண்டுக்கு மேல ஒண்டாய்க் கிடக்கும். தட்டையாய் இருக்கிறது கொழுப்புக் குறைஞ்சது, உங்களுக்கு வந்த லீன் அதுதான். மற்றது திரண்ட பக்கம். அதில கொழுப்பு தசைக்குள்ளயே இழையோடியிருக்கும். வெட்டுறவர் எந்தப் பக்கத்தில கத்தியை வைக்கிறார், மேல் கொழுப்பை எவ்வளவு விடுறார் எண்டதிலதான் லீன், மீடியம், மீடியம் ஃபற், ஃபற் எல்லாம் பிரியுது. நாலுக்கும் இறைச்சித் துண்டு ஒண்டுதான்.

கடைக்காரர் இதை ஏறத்தாழ 3 மணித்தியாலம் ஆவியில அவிச்சு, பிறகும் ஆவிப் பெட்டிக்குள்ளயே வைச்சிருப்பினம். அந்த நேரத்தில லீன் பக்கம்தான் முதல்ல ஈரத்தை விடும், காப்பாத்தக் கொழுப்பு இல்லை. உப்புத் தூக்கலுக்கும் அதுதான் காரணம். உப்புக் கரையிறது தசையில இருக்கிற தண்ணியில. கொழுப்பில தண்ணி சொற்பம், அதால உப்பும் சொற்பம். அப்ப, கொழுப்பில்லாத துண்டு உப்புக்கட்டிதான்.

அடுத்த முறை "மீடியம் ஃபற்" எண்டு கேளுங்கோ. கொழுப்பு எண்டால் உங்களுக்கு ஒத்துவராது எண்டால் "மீடியம்". அதுக்குக் கீழ இறங்காதேங்கோ. பிரெஞ்சில கேக்கிற கடை எண்டால் "மேக்ர்" லீன், "க்ரா" ஃபற். மெனுவில "வியாந்த் ஃப்யூமே" எண்டு எழுதியிருந்தாலும், கியூபெக் பிரெஞ்சுக்காரரே வாயால கேக்கிறது "அன் ஸ்மோக்ட் மீட்" எண்டுதான். வெக்கப்படத் தேவையில்லை.

மற்றது, சீஸ், லெட்டூஸ், தக்காளி, மயோனைஸ் நாலையும் மறந்துவிடுங்கோ. இதுக்குப் போடுற றை பாண் (றை தானிய ரொட்டி) மெல்லிசு. அதுக்குமேல 170, 200 கிராம் சுடு இறைச்சி. அந்தச் சாறே பாணுக்குப் போதும். தக்காளித் தண்ணியும் சேர்ந்தால் பாண் கஞ்சிதான். மஞ்சள் கடுகுக் கூழ் மட்டும். கொழுப்புக்கு எதிராய் நிக்கிறதுக்கு அதில இருக்கிற வினாகிரி ஒண்டே காணும். அந்த மஞ்சள் நிறம் எங்கட மஞ்சள்தூளாலதான், கடுகால இல்லை.

கூட என்ன எடுக்கிறது? சதகுப்பை இலை போட்ட வெள்ளரிக்காய் ஊறுகாய், வினாகிரி போட்ட கோவா (முட்டைக்கோஸ்) சலட், கறுப்புச் செரி சோடா. உறைப்பு வேணுமெண்டால் வினாகிரியில ஊறின சிவப்பு மிளகாய் பல கடையில இருக்கு. பொரிச்ச உருளைக்கிழங்கு ரெண்டு பேருக்கு ஒரு தட்டு காணும்.

பார்சல் எடுக்கத்தான் வேணுமெண்டால் இறைச்சியும் பாணும் தனித்தனியாய்க் கேளுங்கோ. ஃபாயிலுக்குள்ள சூட்டோட மூடினால் ஆவி வெளியில போகாது, முழுக்கப் பாணிலதான் இறங்கும். 25 நிமிசம் எல்லாம் கூடக் கூட.

கத்திமுனை

ரோஸ் நிறம் பற்றி: வெந்த கறிதான், பயப்பட வேண்டாம். ஊறப்போடும் உப்பில் நைட்ரைட் (கறியைப் பதப்படுத்தச் சேர்க்கும் ஒரு வகை உப்பு) இருந்தால் அது தசையின் நிறமியோடு சேர்ந்து, சூடு பட்டாலும் மாறாத ரோஸ் நிறத்தைக் கொடுக்கும். நைட்ரைட் நடுவரை எட்டாத துண்டில் நடுவில் மட்டும் சாம்பல் பட்டை தெரியும். அது ஊறல் போதாததன் அடையாளம், ஆனால் விஷமில்லை.

மயில்கழுத்துப் பச்சையும் கெட்டதல்ல. உப்பில் ஊறி வெந்த மாட்டுக்கறியை நாருக்குக் குறுக்கே வெட்டும்போது, வெட்டுப்பரப்பில் அடுக்கடுக்காக நிற்கும் நார் நுனிகளில் வெளிச்சம் சிதறுவதால் வரும் மினுமினுப்பு. தட்டைச் சாய்த்துப் பாருங்கள், நிறம் நகரும். கெட்ட கறியின் பச்சை நகராது. தொட்டால் பிசுபிசுக்கும், புளிச்ச வாடை வரும்.

நார் நாராக இருந்ததற்கு லீன் மட்டும் காரணமாக இருக்காது. வெட்டும் கோணத்தையும் பாருங்கள். பிரிஸ்கெட்டின் இரண்டு தசைகளிலும் நார் ஒரே திசையில் ஓடாது. தட்டைப் பக்கத்தை முடித்துத் திரண்ட பக்கத்துக்கு வரும்போது கறியைத் திருப்பி வைத்து வெட்ட வேண்டும். அவசரத்தில் திருப்பாமலே வெட்டினால் நாரோடு சேர்ந்து கத்தி போகும், வாயில் கயிறு மாதிரி இழுக்கும். நாருக்குக் குறுக்கே 3, 4 மில்லிமீட்டர் கனத்தில் விழுந்த துண்டை இரண்டு விரலால் இழுத்தால், சற்றே நீண்டு அறும். பிடித்துத் தூக்கும்போதே உதிர்ந்தால் ஆவியில் அதிகம் நின்றது. ரப்பர் மாதிரி திரும்பிப் போனால் ஆவி போதவில்லை.

கடையை எடைபோட ஒரே ஒரு விஷயம் பார்த்தால் போதும்: ஆவிப் பெட்டியிலிருந்து முழுத் துண்டை எடுத்து உங்கள் கண்ணெதிரே கையால் வெட்டுகிறார்களா? சரியாக வெந்த சூடான பிரிஸ்கெட்டை மெஷினில் போட்டால் நொறுங்கிவிடும். மெஷினில் வெட்டிய சீரான மெல்லிய தகடுகள் வந்தால், குளிரவைத்து வெட்டி, ஆர்டர் வந்தபின் சூடு காட்டியது என்று பொருள். அப்படிச் சூடு காட்டிய லீன் வறளாமல் என்ன செய்யும்?

இன்னொன்று. கூட்டம் அலைமோதும் மதிய நேரத்தில் போவது இந்தப் பண்டத்துக்கு நல்லது. துண்டு துண்டாக வேகமாகத் தீரும், பெட்டியில் காயாது. மூன்றரை, நான்கு மணி ஆளில்லா நேரத்தில் கிடைப்பது பலசமயம் மதியத்து மிச்சம்.

மெயின்_தெருக்காரன்

பாஸ்ட்ராமி கேள்வியை யாரும் தொடலையே. இரண்டுக்கும் வேர் ஒண்ணுதான்: ருமேனியா, கிழக்கு ஐரோப்பியப் பகுதிகளிலிருந்து வந்த யூதர்கள் கொண்டுவந்த பக்குவம். நியூயார்க் பாஸ்ட்ராமி பழைய வழக்கப்படி வயிற்றுப்பக்கக் கறியில் செய்தது, இப்போ அங்கேயும் பிரிஸ்கெட் சகஜம். உப்புத் தண்ணியில் ஊறும், சர்க்கரை கூடுதல். மாண்ட்ரியல்காரங்க பிரிஸ்கெட்டை உலர் உப்பும் மசாலாவும் தேய்ச்சு ஊறவைப்பாங்க. சர்க்கரை குறைவு, மிளகும் மல்லியும் தூக்கல், பூண்டும் கடுகும் உண்டு. கார்ண்ட் பீஃப் புகையே காணாதது: உப்புத் தண்ணி, அப்புறம் வேகவைப்பு, அவ்வளவுதான்.

இங்கே யார் முதலில் ஆரம்பிச்சதுங்கிற சண்டை தீராது. பென்ஸ் டெலி 1908இல் தொடங்கி 2006இல் மூடியது. செயின்ட் லோரன்ட் தெருவில் இருக்கும் ஷ்வார்ட்ஸ், ருமேனிய யூதரான ரூபன் ஷ்வார்ட்ஸ் 1928இல் ஆரம்பிச்சது. 2012இல் பாடகி செலின் தியோன், அவர் கணவர் ரெனே ஆஞ்செலில் இருந்த குழு வாங்கினாங்க. ஊட்ரமோன் பகுதியில் லெஸ்டர்ஸ் டெலி 1951இல் வந்தது. வாசலில் வரிசை நீளம்னு சலிச்சுக்காதீங்க, மேலே சொன்ன மாதிரி வரிசைதான் கறியைக் காயாம வச்சிருக்கு. 55ஆம் நம்பர் பஸ் செயின்ட் லோரன்ட் தெருவிலேயே போகும்.

1932இல் தொடங்கி, இப்போ ஃபேர்மவுண்ட் தெருவில் இருக்கிற வில்லென்ஸ்கி கடையை இதோட குழப்பிக்காதீங்க. அங்கே ஸ்பெஷல் என்பது மாட்டு சலாமியும் பொலோனா சாசேஜும் கடுகு தடவி அழுத்திச் சுட்டது. நல்லாயிருக்கும், ஆனா வேற சமாசாரம்.

பில்லில் 5% ஜிஎஸ்டி, 9.975% கியூபெக் வரி இரண்டும் ஏறும். டிப்ஸ் 15%லேர்ந்து. மெனு விலையைப் பார்த்து மட்டும் கணக்குப் போடாதீங்க.

நிதானம்

எல்லாரும் சேர்ந்து லீனை இப்படி அடிக்க வேண்டாம். டாக்டர் கொழுப்பைக் குறைக்கச் சொன்னவர்கள் என்ன செய்வார்கள்? மீடியம் கேட்டு, மேல் விளிம்புக் கொழுப்பைத் தட்டிலேயே கத்தியால் ஒதுக்கிவிட்டுச் சாப்பிடலாம். கொழுப்போடு வெந்த கறி, கொழுப்பை ஒதுக்கிய பின்னும் ஈரமாகவே இருக்கும். அசல் லீனைவிட நூறு மடங்கு மேல். ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு உப்பு தனிக் கவலை. அவர்கள் பாதி சாண்ட்விச்சோடு நிறுத்துவது உத்தமம், ஊறுகாயைத் தொடாமல்.

மாட்டுக்கறி சாப்பிடாதவர்களுக்கு: பல டெலிகளில் இதே மசாலாவில் புகைபோட்ட வான்கோழி உண்டு. ஹலால் வேண்டுமென்றால் அதற்கென்றே உள்ள கடைக்குப் போங்கள். "கோஷர் ஸ்டைல்" (கோஷர் என்பது யூதர்களின் உணவு விதிப்படி செய்தது) என்று எழுதியிருப்பது சமையல் பாணியைத்தான் சொல்கிறது. அது கோஷரும் அல்ல, ஹலாலும் அல்ல.

புதுக்குடி_கோவை

எல்லாருக்கும் நன்றி. மீடியம் ஃபேட், கடுகு மட்டும், கடையிலேயே உட்கார்ந்து. குறிச்சுக்கிட்டேன்.

இன்னும் ரெண்டு கேள்வி. கடையில் வாக்யூம் பாக்கெட்டில் வெட்டாத துண்டு விற்கிறாங்க. வீட்டில் எப்படிச் சூடாக்குறது? மைக்ரோவேவ் போதுமா? ரெண்டாவது, மிளகு மல்லி கடுகு பூண்டு எல்லாம் நம்ம அஞ்சறைப் பெட்டிச் சரக்குதானே, வீட்டிலேயே செஞ்சா என்ன? ரோஸ் கலர் உப்பு வேணும்னு எங்கேயோ பார்த்தேன். வீட்டில் இந்துப்பு இருக்கு.

புகைக்கூண்டு

முதல் வேலையாக அந்த இந்துப்பை எடுத்து உள்ளே வையுங்க. இந்துப்பு ரோஸாக இருப்பது கல்லில் உள்ள இரும்பால். அதில் நைட்ரைட் கிடையாது. நீங்கள் பார்த்தது க்யூரிங் சால்ட் நம்பர் 1: சாதா உப்பில் 6.25% சோடியம் நைட்ரைட் கலந்து, யாரும் குழம்பில் போட்டுவிடக் கூடாதென்றே ரோஸ் சாயம் ஏற்றியது. ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் போட்டால் இரண்டு பக்கமும் ஆபத்து. நைட்ரைட் இல்லாமல் பத்து நாள் ஊறவைத்துக் குறைந்த சூட்டில் மணிக்கணக்கில் புகை போட்டால் உயிருக்கே ஆபத்தான விஷத்தைச் சுரக்கும் பாட்டுலிசக் கிருமிக்கு வழி திறக்கிறீர்கள்; க்யூரிங் சால்ட்டைச் சமையல் உப்பாகப் போட்டால் நேரடி விஷம். டப்பாவில் பெரிதாக எழுதி, சமையல் மேடைக்கு வெளியே வையுங்க. வெடியுப்பு வேறு சரக்கு, அந்தப் பேச்சே வேண்டாம்.

அளவு. இரண்டு தசையும் உள்ள 2.5 கிலோ துண்டு என்று வைத்துக்கொள்வோம். மேல் கொழுப்பை 6, 7 மில்லிமீட்டர் விட்டு மற்றதை நீக்குங்க. நீக்கிய பிறகு திரும்ப எடைபோட்டுத்தான் கணக்கு. க்யூரிங் சால்ட் எடையில் 0.25%, அதாவது 6.2 கிராம், கறியில் நைட்ரைட் சுமார் 156 பிபிஎம் (பத்து லட்சத்தில் 156 பங்கு) வரும். சாதா உப்பு 55 கிராம். சர்க்கரை 15 கிராம், அதற்கு மேல் போனால் பாஸ்ட்ராமி வாடை வந்துவிடும். ஒன்றிரண்டாக இடித்த மிளகு 30, மல்லி 20, கடுகு 8, பூண்டுப் பொடி 10 கிராம். கிராம்பு மூன்று, பிரியாணி இலை மூன்று, பொடித்தது. தேக்கரண்டிக் கணக்கு இங்கே உதவாது, 0.1 கிராம் காட்டும் சின்னத் தராசு அவசியம்.

நம்மவர்கள் செய்யும் தவறு இரண்டு. மல்லியை வறுப்பார்கள், வறுத்த மல்லி மணிக்கணக்கில் புகையில் நின்றால் கசப்பேறும். அல்லது மிக்ஸியில் நைசாக அரைப்பார்கள். அது சேறு மாதிரி அப்பிக்கொண்டு புகையை உள்ளே விடாது. உரலில் ஒரு மிளகு நாலு துண்டாகும் வரை இடித்தால் சரி.

எல்லாவற்றையும் தேய்த்து, கசியாத பையில் காற்றை வெளியேற்றி மூடி, ஃப்ரிட்ஜில் 2லிருந்து 4 டிகிரியில் வையுங்க. 5 செ.மீ. தடிமனுக்கு 9, 10 நாள். தினமும் ஒருமுறை புரட்டுங்க. பைக்குள் ஊறும் தண்ணீரைக் கொட்டாதீங்க, உப்பும் நைட்ரைட்டும் அதில்தான் கரைந்து திரும்பக் கறிக்குள் போகும்.

வெளியே எடுத்துக் கழுவி, அரை மணி நேரம் பச்சைத்தண்ணீரில் போட்டு, துடைத்து, மூடாமல் ஓர் இரவு ஃப்ரிட்ஜில் காயவிடுங்க. ஈரமான பரப்பில் புகை கருப்பாகக் கோடு கோடாக வழியும். பிறகு புதிதாக மிளகும் மல்லியும் தூவிப் புகைக்கு. மேப்பிள் அல்லது ஓக் கட்டை, 110லிருந்து 120 டிகிரி, ஐந்தாறு மணி நேரம். உள் வெப்பம் 65லிருந்து 70க்குள் வந்ததும் நகராமல் அடம்பிடிக்கும். மேற்பரப்பு வியர்த்துக் குளிர்வதால் வருவது அது. டெக்சஸ் பார்பிக்யூக்காரர்கள் அதோடு மல்லுக்கட்டுவார்கள், உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. அங்கேயே நிறுத்திவிடலாம், மீதியை ஆவி பார்த்துக்கொள்ளும். இந்தப் பண்டத்தில் புகை பின்பாட்டுதான். மசாலாவும் ஆவியும்தான் கச்சேரி.

ஆவி: உள் வெப்பம் 92லிருந்து 95 வரை, மூன்று மணி நேரம் பிடிக்கும். அப்போதுதான் சவ்வெல்லாம் கரைந்து ஜெலட்டின் ஆகும். வெந்த சேனைக்கிழங்கில் குச்சி இறங்குவது மாதிரி கம்பி இறங்கினால் எடுத்துவிடலாம். குக்கரில் வெயிட் போட்டுச் சுருக்குவழி தேடினால் பஞ்சாகப் பிரியும், துண்டு போட வராது. எடுத்து 15 நிமிஷம் விட்டு வெட்டுங்க.

2.5 கிலோ வைத்தால் ஒன்றரைக் கிலோதான் மிஞ்சும். தலைக்கு 200 கிராம் என்றால் ஏழு சாண்ட்விச். அடுக்குமாடி பால்கனியில் கரி அடுப்பு வைக்கலாமா என்று முதலில் வீட்டு ஒப்பந்தத்தைப் பார்த்துவிட்டு மற்ற வேலையைத் தொடங்குங்க.

மொன்றியல்வாசி

வாக்யூம் பைக்கு நான் சொல்லுறன். முழுத்துண்டை மைக்ரோவேவில வைக்காதேங்கோ. ஓரம் செருப்புத்தோல், நடு ஐஸ். பையைப் பிரிச்சு, கொழுப்புப் பக்கம் மேல இருக்கத்தக்கதாய் இட்லிச் சட்டித் தட்டிலயோ புட்டுப் பானை மேலயோ வையுங்கோ. தண்ணி இறைச்சியில முட்டக்கூடாது; முட்டினால் மசாலா முழுக்கக் கழண்டு போகும். கடையில விக்கிற துண்டு முழுக்க அவிஞ்சதோ, புகை மட்டும் கண்டதோ எண்டு கேட்டுக்கொண்டு வாங்கோ. புகை மட்டும் எண்டால் புகைக்கூண்டு சொன்ன 3 மணித்தியாலம். அவிஞ்சது எண்டால் ஒரு கிலோவுக்கு முக்கால் மணித்தியாலத்துக்குக் கிட்ட. எதுவாயிருந்தாலும் நடுவில 74 டிகிரி தாண்ட வேணும், முக்கியமாய் வீட்டில கர்ப்பிணி இருந்தால். தண்ணி வத்தினால் கொதிதண்ணிதான் விடவேணும். பச்சைத்தண்ணி விட்டால் ஆவி அடங்கிப்போகும்.

வெட்டின துண்டு பாக்கெட் எண்டால் இட்லிக் குழியில ரெண்டு மூண்டாய் மடிச்சு வைச்சு 4, 5 நிமிசம். கூட வைச்சால் கொழுப்பு முழுக்கக் கீழ தண்ணிக்குள்ள. பாணையும் கடைசி 20 செக்கன் அதே ஆவியில காட்டுங்கோ, மெதுவாகும். டோஸ்ட் பண்ண வேண்டாம். பொருபொருத்த பாணைக் கடிச்சால் இறைச்சி பின்பக்கத்தால வெளியில வரும்.

பிரிச்ச பாக்கெட் ஃப்ரிட்ஜில 3, 4 நாள்தான். வெட்டாமல் வைச்சால் காயாது. வேண்டியதை மட்டும் வெட்டுங்கோ.

புதுக்குடி_கோவை

இட்லிச் சட்டி இருக்கு, கவலையில்லை. பாக்கெட் துண்டு உப்பாக வந்துட்டா என்ன பண்றது?

கத்திமுனை

அவிக்கும் முன் என்றால் பச்சைத்தண்ணீரில் ஒரு மணி நேரம், பாதியில் தண்ணீர் மாற்றி. வெந்த பிறகு ஊறப்போட்டால் உப்போடு ருசியும் போய்விடும். அப்போது துண்டை மெலிதாக்கி, சாண்ட்விச்சுக்கு 120 கிராமோடு நிறுத்துங்கள். மசாலா அப்பிய வெளி ஓரம்தான் இருப்பதிலேயே உப்பு. அதை மட்டும் செதுக்கி எடுத்து வைத்து, மறுநாள் உருளைக்கிழங்கு வறுவலில் உப்புப் போடாமல் சேருங்கள்.